கழுவிக் கொடுத்த வண்டி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி சொல்லிவிடுகிறேன். பிரேக் பிடித்தால் வண்டி ஆடுகிறது என்று ஒருவர் வந்து நின்றால் பயப்பட வேண்டாம். காரணங்கள் ஏழெட்டுக்கு மேல் இருக்காது. கெட்ட செய்தி என்னவென்றால், அந்த ஏழெட்டில் ஒன்று நீங்களாகவே இருக்கலாம். தொப்பூர் கணவாயின் அடிவாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பட்டறை வைத்திருந்தவன் நான். எனக்கே இது தெரிய இருபது வருஷம் பிடித்தது.

இடம் அப்படிப்பட்ட இடம். கணவாய் இறங்கி வரும் வண்டிகளில் பாதி, பிரேக் தீய்ந்த வாசனையோடுதான் வந்து நிற்கும். நான் விளம்பரம் செய்ததே இல்லை. மேலே இருந்த மலை எனக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. "பிரேக்குன்னா தொப்பூருக்குப் போங்க" என்று தர்மபுரியில் சொல்வார்கள், இண்டூரில் சொல்வார்கள், கடத்தூரில் சொல்வார்கள். நாலு பேர் இப்படிச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு மனுஷனுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. அந்த நாலு பேர் உங்களுக்கும் கிடைக்கும்போது தெரிந்துகொள்வீர்கள்.

முதலில் கழுவும் கதையைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மற்றது புரியாது.

கடத்தூர்ப் பக்கம் தக்காளி ஏற்றும் ஒரு வேன் வந்தது. அறுபதைத் தாண்டினால் உதறுகிறது என்றார் அதன் சொந்தக்காரர். இரண்டு நாள் போராடினேன். கழற்றாதது ஒன்றும் பாக்கி இல்லை. கடைசியில் பார்த்தால் வீல் ரிம்முக்கு உள்ளே, வயலில் ஒட்டிய களிமண் காய்ந்து ஒரு கைப்பிடி இருந்தது. தண்ணீர் அடித்தேன், உதறல் போயிற்று. இரண்டு நாள் வித்தையை ஒரு பக்கெட் தண்ணீர் தோற்கடித்துவிட்டது. அந்த அவமானத்தில் ஒரு சட்டம் போட்டேன். என் பட்டறையை விட்டு எந்த வண்டியும் இனிமேல் கழுவாமல் போகக் கூடாது. பிரஷர் பம்ப் வாங்கினேன். வண்டி கழுவ அமீது என்று ஒருவரை வைத்தேன். என் வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார், கழுவினால் வண்டி கம்பெனியில் இருந்து இறங்கியது போல இருக்கும். அதற்குத் தனியாகக் காசு கிடையாது என்றதும் கூட்டம் இன்னும் கூடியது.

வேலை நடக்கும் முறை இதுதான். பிரேக் வேலை முடிந்ததும் நானே வண்டியை எடுத்துக்கொண்டு கணவாய் மேலே ஏறுவேன். திரும்பி இறங்கும்போது வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தி அழுத்தி ட்ரையல் பார்ப்பேன். திருப்தியாக இருந்தால் நேராகக் கொண்டுவந்து அமீதிடம் விடுவேன். அவர் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்துவார். கழுவிய வண்டியை அதற்குப் பிறகு நாங்கள் யாரும் தொடமாட்டோம். தூசி படிந்துவிடுமே. இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று இப்போதே கண்டுபிடித்துவிட்டவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருக்கவும். எனக்கு அது தோன்றவில்லை.

இனி ராஜாமணியம்மா. இண்டூரில் புளி மண்டி வைத்திருந்தவர். வாரத்தில் இரண்டு நாள் சரக்கு பேசச் சேலம் போவார். கணவாய் இறங்கித்தான் போக வேண்டும், போகிற வழியில்தான் என் பட்டறை. என்னுடைய பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர் என்பதைவிட, என்னைப் பற்றி ஊர் முழுக்கப் பெருமையாகப் பேசுகிறவர் என்பது எனக்கு முக்கியம். அவருடைய காரை ஓட்டியவர் மாதையன். பதினோரு வருஷமாக அந்த அம்மாவுக்கு அவர்தான் டிரைவர். அதிர்ந்து பேசாத மனுஷர். வண்டியை விட்டுவிட்டு ஓரமாக நின்று, நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

அந்தக் கார் ஒருநாள் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது என்று வந்தது. முன் சக்கரங்களில் பிரேக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டு, அந்த டிஸ்க் இரண்டும் கோணியிருந்தன. லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி மாட்டினேன். ட்ரையலில் வெண்ணெய் மாதிரி நின்றது. அம்மாவுக்குச் சேலம் போகிற அவசரம், ஆபீசில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார். கழுவுவதற்கு நாலு வண்டி வரிசையில் இருந்தது. "அம்மா வண்டிய முதல்ல உள்ள வுடு" என்று அமீதிடம் சொன்னேன். பெரிய மனுஷிக்கு மரியாதை செய்ய வேண்டாமா?

மூன்று வாரத்தில் கார் திரும்பி வந்தது. மறுபடி ஆட்டம். இந்த முறை புது டிஸ்க், புது பிரேக் பேட். ட்ரையலில் ஆட்டம் இல்லை. மறுபடியும் வரிசையைத் தாண்டி முதல் மரியாதை. ஒரு மாதம் ஆவதற்குள் மறுபடி வந்து நின்றது.

இப்போது என் மூளை வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். பொருள் புதுசு. மாட்டியது நான். நான் ஓட்டினால் ஆடவில்லை. மாதையன் ஓட்டினால் ஆடுகிறது. மிச்சம் இருப்பது மாதையன் மட்டும்தான். கணவாய் முழுக்க பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குகிறார், டிஸ்க் சூடேறிக் கோணுகிறது. எவ்வளவு சுத்தமான முடிவு! எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

அந்தச் சந்தோஷத்தில் அதை மெதுவாகச் சொல்லவும் தோன்றவில்லை. பட்டறையில் ஐந்தாறு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். ராஜாமணியம்மாவும் இருந்தார்.

"அம்மா, டிஸ்க் மாத்தி மாத்திப் பிரயோஜனம் இல்லீங்க. மாத்த வேண்டியது மாதையன் கால" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, மாதையனைப் பார்த்தார்.

"நான் பிரேக்கு மேல கால வச்சுக்கிட்டு ஓட்டறது இல்லீங்கண்ணா" என்றார் மாதையன்.

"எல்லா டிரைவரும் இதத்தான்ப்பா சொல்றான்" என்றேன் நான். அதற்கும் சிரித்தார்கள்.

பட்டறையில் நான் சொன்னால் அது தீர்ப்பு. அடுத்த வாரம் அம்மாவைப் பின் சீட்டில் வைத்துக் காரை ஓட்டிக்கொண்டு வந்தது அவருடைய அக்கா மகன். மாதையன் எங்கே என்று கேட்டேன். அம்மா இரக்கம் உள்ளவர், வேலையை விட்டு அனுப்பவில்லை. மண்டியில் சாக்குத் தைக்க உட்கார வைத்திருக்கிறாராம். "நீங்க சொன்னீங்க பாருங்க, அதான் செரி. கணவாய்ல நம்ம உசுரு டிரைவர் கால்லதான இருக்குது" என்றார். வேறு எங்காவது ஓட்டப் போகலாம் என்றாலும் முடியவில்லையாம். தொப்பூர் பிரேக்காரரே கால் சரியில்லை என்று சொன்ன டிரைவரை இண்டூரில் யார் வைத்துக்கொள்வார்கள்? என் பேருக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. கேட்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அம்மா டிரைவர் காலை மாற்றிய மாதிரி நான் டிஸ்கையும் புதிதாக மாற்றினேன். கழுவினோம், அனுப்பினோம். அந்தப் பையன் தலைமேல் தண்ணீர்க் குடம் வைத்தவன் மாதிரி ஓட்டுகிறவன். கணவாயில் லாரிகள் அவனைத் திட்டிக்கொண்டே முந்திப் போகும். நாலாவது வாரம் வந்தான்.

"அண்ணா, ஸ்டியரிங் ஆடுதுங்க."

 காலை மாற்றியாயிற்று. ஆட்டம் மாறவில்லை.

அன்றைக்கு அவனை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, காரை நிறுத்திக்கொண்டு, மறுபடியும் ஆரம்பத்தில் இருந்து ஆரம்பித்தேன். புது டிஸ்க் மாட்டி, கோணல் இருந்தால் முள் அசைந்து காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. ட்ரையல் போனேன், நன்றாக இருந்தது. வழக்கம்போல அமீதிடம் விட்டுவிட்டு, வழக்கம் இல்லாத ஒரு காரியம் செய்தேன். ஆபீசுக்குப் போகாமல் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அமீது பிரஷர் துப்பாக்கியை முன் சக்கரத்தில் நீட்டினார். 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. சக்கரத்தில் இருந்து ஆவி குபுகுபுவென்று மேலே போயிற்று.

"இது என்னய்யா சத்தம்?"

"எப்பவும் வர்றதுதாங்க. நீங்க ட்ரையல் போயிட்டு நேரா கொண்டாந்து வுட்டா இப்படித்தான், தோசக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி" என்றார் அமீது. "வரிசையில நின்னு ஆறிட்டு வர்ற வண்டிக்கு சத்தம் வராது. அம்மா வண்டிக்குத்தான் தவறாம வருது."

"இத ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

கோபம் வந்தது. யார்மேல் என்று யோசித்ததும் அடங்கிவிட்டது. தினமும் பத்து வண்டிச் சக்கரத்துக்கு நேராக முகத்தை வைத்து உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம், இத்தனை வருஷத்தில் நான் பேசியது "சீக்கிரம் ஆவட்டும்" என்பது மட்டும்தான்.

கார் ஆறும்வரை காத்திருந்து கேஜை வைத்தேன். முள் அசைந்தது. கழுவிய காரை முதல் தடவையாக ரோட்டுக்கு எடுத்துப் போய் எண்பதில் பிரேக் பிடித்தேன். லேசாகத்தான், ஆனால் என் இரண்டு உள்ளங்கையிலும் அந்த ஆட்டம் இருந்தது. ஆரம்பத்தில் இவ்வளவு இருந்தால் போதும், நாலு வாரத்தில் அது தானாகவே வளர்ந்துகொள்ளும். சந்தேகத்துக்கு இன்னொரு ஜோடி டிஸ்க் மாட்டி, கணவாய் இறங்கி, கழுவாமல் ஆறவிட்டுப் பார்த்தேன். முள் கல்லாக நின்றது.

என் ட்ரையல் எல்லாம் கழுவுவதற்கு முன்னால். வாடிக்கையாளர் ஓட்டுவது எல்லாம் கழுவியதற்குப் பின்னால். நான் சோதித்துப் பார்த்த வண்டியை நான் யாருக்குமே கொடுத்தது இல்லை. தம்பிகளே, தொழில் சம்பந்தமாக நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். எல்லா வேலையும் முடிந்து, வாசலில் நிற்கும் வண்டியைத்தான் ட்ரையல் பார்க்க வேண்டும். தூசி படிந்தால் படியட்டும்.

யாருக்கும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த யோசனையும் வந்தது, மறைக்கப் போவதில்லை. இனிமேல் ஆறவிட்டுக் கழுவினால் ஆட்டம் வராது. அக்கா மகன் நல்ல டிரைவர் என்று பேர் வாங்கிவிட்டுப் போவான். என் பேருக்கு ஒரு கீறல் விழாது. இரண்டு நாள் இப்படி நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடப் பார்த்தேன். சாதம் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் பிடித்து இண்டூர் போனேன்.

மண்டி முழுக்கப் புளி வாசனை. மாதையன் ஒரு மூலையில் கோணி ஊசியோடு குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். ராஜாமணியம்மா நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். தப்பு என் பட்டறையில், மாதையன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்றார். "ஒரு டிரைவருக்காகப் பழிய உங்க மேல போட்டுக்கறீங்க பாருங்க, இது யாருக்கு வரும்?"

"அம்மா, நான் சொல்றது நெசம்."

"தண்ணி பட்டா இரும்பு கோணுமாங்க? அப்பிடீன்னா மழ பேஞ்சா ஊர்ல இருக்கற காரெல்லாம் கோணணுமே?"

"மழ சுத்தற சக்கரத்துல பரவலா படும்ங்க. இது கொதிக்கிற டிஸ்க்ல, நிக்கிற சக்கரத்துல, ஒரே எடத்துல பீச்சி அடிக்கறது."

"சொல்றீங்க, கேட்டுக்கறேன்" என்றார் அம்மா. பிறகு மூலையைப் பார்த்து, "ஏன் மாதையா, அண்ணன் வூட்டுக்குப் போயி அழுதியா?" என்றார்.

"நான் யாருகிட்டயும் போவலீங்கம்மா" என்றார் மாதையன். தலையைத் தூக்கவில்லை.

ஒரு வார்த்தையில், விளையாட்டாக, ஆதாரம் இல்லாமல் நான் சொன்ன பொய் அந்த அம்மா மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. கேஜ் வைத்து அளந்து, பஸ் ஏறிப் போய்ச் சொன்ன உண்மை பெரிய மனசு ஆகிவிட்டது. நல்ல பேர் சம்பாதிப்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் தப்பு செய்தேன் என்று சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. ஒரு மாதம் மாதையன் ஓட்டட்டும் என்றேன். புது டிஸ்க் என் பொறுப்பு. வழி அதே வழி, வாரம் இரண்டு நாள் அதே கணவாய். ஒரே ஒரு வித்தியாசம், சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் படக் கூடாது. மாதக் கடைசியில் வண்டி ஆடினால் நான் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன் என்றேன்.

"ஆடுச்சுன்னா அவன் இங்கதான் உக்காரணும், சொல்லிட்டேன்" என்றார் அம்மா.

மாதையனை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் நூலை அறுத்துவிட்டு அடுத்த சாக்கை எடுத்தார்.

அந்த மாதம் எனக்கு நீளமான மாதம். கணக்கு சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதற்கு முன்பும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. எங்காவது வேறு ஒரு காரணம் ஒளிந்திருந்து, வண்டி ஆடித் தொலைத்தால், அந்த மனுஷர் வாழ்நாள் முழுக்கச் சாக்குத் தைக்க வேண்டியதுதான். முதல் தடவை என் வாயால், இரண்டாம் தடவை என் உதவியால்.

மாதம் முடிந்த அன்று அம்மா பின் சீட்டில் உட்கார்ந்தார். நான் மாதையனுக்குப் பக்கத்தில். இண்டூரில் இருந்து கிளம்பி தர்மபுரியைத் தாண்டினோம். கணவாய் ஆரம்பிக்கும் முன்பே மாதையன் கியரைக் குறைத்தார். வண்டி இஞ்சின் பிடியில் உறுமிக்கொண்டு நிதானமாக இறங்கியது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, கீழே அவருடைய வலது காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதம் பிரேக் மேல் இல்லை. வளைவு வரும்போது ஒரு தடவை போய் அழுத்தமாக மிதிக்கும், உடனே எடுத்துக்கொள்ளும். சரிவு முழுக்க அப்படித்தான். பிரேக் வேலையே தொழிலாக வைத்திருந்த நான்கூட அந்தக் கணவாயில் அவ்வளவு குறைவாக பிரேக் பிடித்தது இல்லை.

கீழே சமதரைக்கு வந்ததும், "எண்பதுல போயி பிரேக் பிடிப்பா" என்றார் அம்மா. முன்னால் சாய்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை விட்டு, ஸ்டியரிங் விளிம்பை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டார். என்னை நம்பவில்லை, மாதையனையும் நம்பவில்லை, தன் விரலை மட்டும்தான் நம்பினார். அன்றைக்கு அந்த வண்டியில் இருந்த ஒரே மெக்கானிக் அவர்தான்.

மாதையன் மிதித்தார். வண்டி நேராக நின்றது. ஸ்டியரிங் அசையவில்லை. "இன்னொருக்கா" என்றார் அம்மா. இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

"நாளைக்குப் பொம்மிடி போவணும். வெள்ளன வந்துடு" என்றார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு.

"செரிங்கம்மா" என்றார் மாதையன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், பாரம் இறங்கின சந்தோஷம். பட்டறை வாசலில் என்னை இறக்கிவிட்டார்கள். ஏதாவது சொல்லாமல் போகக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் போய், "மாதையன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றேன். அவரை நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கண்ணா" என்றார். கியரில் கையை வைத்தவர் நிறுத்தினார். கோபம் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார்.

"இன்னைக்கு முன்னால, நான் ஓட்டி நீங்க வண்டில வந்திருக்கீங்களாண்ணா?"

யோசித்துப் பார்த்தேன். பதினோரு வருஷம். நூறு தடவையாவது அந்தக் கார் என் பட்டறைக்கு வந்திருக்கும்.

"இல்லீங்க" என்றேன்.

"அப்ப என் காலு எப்பிடின்னு உங்களுக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது?"

பின் சீட்டில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலில் இருந்து கையை எடுத்தேன். மாதையன் தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, சேலம் ரோட்டில் ஏறிப் போனார்.